பகலில் தெரியாத தீ

2022 நவம்பர் 4, வெள்ளி.

இன்று ஒரு சின்னத் தவறைக் கண்டுபிடித்தேன். போன வாரம் வெலிமிர் மாமாவின் மீன்பொரிப்புக் கடையிலிருந்து வந்த பொரித்த எண்ணெயை, குளிரில் வைத்தால் உறைகிறதா என்று பார்க்காமலே பாய்லரில் ஊற்றியிருக்கிறேன். சூரியகாந்தி எண்ணெய் மட்டும்தான், பன்றிக்கொழுப்பு ஒரு சொட்டுகூட இல்லை என்றார், நம்பிவிட்டேன். கேட்டுத் தெரிந்துகொள்வது சோதனை ஆகாது. எரிபொருள் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. வண்டியில் நிரப்பிவிட்டேன். அடுத்த தடவைக்கு வேண்டிய மெத்தனாலையும் அளந்து வைத்தாயிற்று. பெரிய கேனின் மூடி கசிந்ததால் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றினேன். பெயர் எழுதலாம் என்றால் மார்க்கர் காய்ந்து கிடந்தது. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்.

இதை எழுதி முடித்துத்தான் துன்யா மாலை வகுப்புக்கு ஓடினாள். எண்ணெயைத் தவறு என்று எழுதினாள். பாட்டிலைத் தவறு என்று எழுதத் தோன்றவில்லை.

துன்யாவுக்கு இருபத்து மூன்று வயது. பகலில் பேக்கரி வேனில் திஸா ஆற்றங்கரை ஊர்களுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுவாள். மாலையில் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில், தன்னைவிடப் பத்து இருபது வயது மூத்தவர்களோடு உட்கார்ந்து வேதியியல் படிப்பாள். வேன் அவளுடையது, பழைய டீசல் வண்டி. அந்த வருஷம் டீசல் விற்ற விலைக்கு ரொட்டி போட்டால் கையைக் கடித்தது. அதனால் கொட்டகையில் ஒரு பழைய வெந்நீர் பாய்லரை நிமிர்த்தி வைத்து, மீன் பொரித்த எண்ணெயை வாங்கி வடிகட்டி, சூடாக்கி, காஸ்டிக் சோடாவைக் கரைத்த மெத்தனாலைச் சேர்த்துக் கலக்கி, அடியில் தங்கும் கிளிசரினை இறக்கிவிட்டு, தண்ணீரில் கழுவி, தன் வண்டிக்குத் தானே டீசல் செய்துகொண்டிருந்தாள். எதையும் இரண்டு தடவை அளப்பாள். இரண்டும் ஒன்றாக வந்தால், இரண்டு தடவையும் ஒரே தப்பைச் செய்துவிட்டோமோ என்று மூன்றாவது தடவை அளப்பாள்.

அப்படிப்பட்டவள் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை இறந்தவர்களின் நாள்; எல்லோரும் கல்லறைக்குப் போய்ப் படைப்பார்கள். அன்று ரொட்டி வேலை கிடையாது. எட்டு மணிக்கு எழுந்து, அடுப்படி டிராயரில் ஒரு பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு, குளிரில் கைகளைத் தேய்த்தபடி கொட்டகைக்குப் போனாள். புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. முற்றத்து வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத அளவுக்கு மூடுபனி.

அலமாரியில் அப்பாவின் ராக்கியா பாட்டில்கள் வரிசையாக நின்றன. பிளம் பழத்தை ஊறவைத்துக் காய்ச்சி வடிக்கிற அந்தச் சாராயம் இல்லாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. யார் வீட்டிலும் அதற்கென்று தனிப் பாட்டிலும் கிடையாது. தண்ணீர் பாட்டில்தான். தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் போல ஒன்று கொட்டகையில் இருந்தால் அது ராக்கியா. அதைப் போய் யாரும் என்னவென்று கேட்கமாட்டார்கள்.

அவள் வைத்த இடத்தில், மரப்பலகையின் தூசியில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

'உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேனோ?' சாவியை எடுத்து இரும்பு அலமாரியைத் திறந்தாள். காஸ்டிக் சோடா இருந்தது, கண்ணாடி, கையுறை எல்லாம் இருந்தன. பாட்டில் இல்லை. திரும்ப வந்து நின்றிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தாள். பிளம். பிளம். அதுவும் பிளம்.



வீட்டுக்குள் ஓடினாள். மேசையில் நேற்றிரவு அப்பா வேகவைத்து வைத்த கோதுமைத் தட்டு இல்லை. மஞ்சள் மெழுகுவர்த்திக் கட்டு இல்லை. கண்ணாடி அலமாரியில் ராக்கியாக் கிளாஸ்கள் இல்லை. அப்பா கல்லறைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

அப்பாவின் கைபேசிக்கு அடித்தாள். சோபாத் தலையணைக்கு அடியிலிருந்து மணி கேட்டது.

மோந்து பார்த்திருப்பாரே என்று ஒரு கணம் நினைத்தாள். மறுகணமே அந்த நினைப்பும் போயிற்று. கொரோனா வந்துபோனதிலிருந்து அப்பா ஸ்ரெத்தனுக்கு மூக்கு செத்துவிட்டது. ஆப்பிளையும் வெங்காயத்தையும் கண்ணால் பார்த்துத்தான் வித்தியாசம் சொல்வார். "இனிமே உன் கொட்டகை நாத்தம்கூட எனக்கு ரோஜாப்பூதான்டி" என்று அவளைக் கேலி செய்வார்.

வெலிமிருக்கு அடித்தாள். அப்பா வழக்கமாக அவர் காரில்தான் போவார். வெலிமிர் அப்பாவின் கூம்: கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், துன்யாவை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கியவர். உடன்பிறந்தவன் சொல்லைத் தட்டினாலும் தட்டலாம், கூம் சொல்லைத் தட்டக்கூடாது என்பார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

வேனில் ஏறிச் சாவியைத் திருகினாள். முதல் தடவையே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் அழுகை வந்தது.

கல்லறைத் தோட்டம் அம்மா பிறந்த ஊரில், வயல்களுக்கு அப்பால் இருந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை; எல்லோரும் விடியும்போதே போய்விட்டார்கள். மூடுபனிக்குள் இரண்டு பக்கமும் பிடுங்கிப் போட்ட சர்க்கரைக்கிழங்குக் குவியல்கள் படுத்த மாடுகள் போலத் தெரிந்தன. ஒரு கிளாஸ் போதும், அவளுக்குத் தெரியும். மெத்தனால் முதலில் போதையாக மட்டும் இருக்கும். மறுநாள்தான் கண்ணைக் கேட்கும். அதற்கு மேல் என்றால் உயிரைக் கேட்கும். சென்ற மாதம் வகுப்பில் ஆசிரியை ஒரு பீங்கான் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினார். ஜன்னல் திறந்திருந்தது. "எரியுதா?" என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். ஒரு காகிதத் துண்டைக் கிண்ணத்துக்கு மேலே நீட்டினார். வெறுங்காற்றில் அது சுருண்டு கருகியது. ஜன்னல் திரையை இழுத்து மூடிய பிறகுதான் நீலமாக ஒரு தீ தெரிந்தது. "பகல்ல இது கண்ணுக்குத் தெரியாது. கைதான் கண்டுபிடிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பாதி வழியில் வேன் இருமியது.

"வேண்டாம்" என்றாள் துன்யா. "இன்னிக்கு வேண்டாம். நாளைக்குச் செத்துக்கோ."

இன்னும் இரண்டு இருமல். பிறகு இழுத்து, குலுங்கி, நின்றே விட்டது. சாவியைத் திருகத் திருகச் சுழன்றதே ஒழியப் பிடிக்கவில்லை. இறங்கி என்ஜின் மூடியைத் தூக்கி எரிபொருள் வடிகட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வெள்ளையாக உறைந்து நின்றது, ஜாடியில் போட்ட பன்றிக்கொழுப்பு மாதிரியே. குழாயில் மிச்சமிருந்த பழைய டீசல் தீரும்வரை ஓடி, புது எரிபொருள் வந்ததும் வண்டி அடைத்துக்கொண்டிருக்கிறது.

போன வாரம் எண்ணெய் வாங்கப் போனபோதே அவள் கேட்டிருந்தாள். "மாமா, கொழுப்பு ஏதாவது கலந்திருக்கா? உண்மையைச் சொல்லுங்க. குளிர்ல உறைஞ்சுபோயிடும்."

"அடிப் பாவி! என்னைப் பாத்தா கலப்படக்காரன் மாதிரியா இருக்கு?" என்று வெலிமிர் நெஞ்சில் கை வைத்தார். "சுத்தமான சூரியகாந்தி. கொழுப்பெல்லாம் என் வயித்துல மட்டும்தான்." அவர் சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது, சொல்லும்போது கண்ணும் சேர்ந்து சிரிக்கும்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

தார்ச்சாலை உறைபனியில் வழுக்கியது. டிராக்டர் இழுத்துப் போட்ட சேறு வேறு. ஒரு தடவை விழுந்து முழங்கால் கிழிந்தது. எழுந்து ஓடும்போது, அப்பாவின் ஒவ்வொரு அசைவும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கல்லைத் துடைப்பார். பூவை மாற்றுவார். மெழுகுவர்த்தி ஏற்றுவார், காற்றில் அணையும், திட்டிக்கொண்டே மறுபடி ஏற்றுவார். கோதுமையை வைப்பார். பிறகு முதல் ஊற்று அம்மாவுக்கு. இறந்தவர் குடிக்காமல், உயிரோடு இருப்பவர் குடிக்கமாட்டார். அதற்குப் பிறகுதான் தனக்கு. 'நிதானமாகச் செய்யுங்கள் அப்பா. எப்போதும்போல மெதுவாகச் செய்யுங்கள்.' வீட்டில் அவர் சட்டை பித்தான் போடும் நேரத்தில் நான் நாலு ஊருக்கு ரொட்டி போட்டுவிடுவேன் என்று அவரை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் கார்களும் சைக்கிள்களும் நின்றன. உள்ளே மெழுகுப் புகையும் மூடுபனியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் கூடைகள், தட்டுகள், தாழ்ந்த குரலில் பேச்சு. யாரோ ஒரு பெண் கேக் துண்டை நீட்டி, "எங்க அம்மா ஆத்துமாவுக்கு, ஒரு வாய்" என்றாள். துன்யா அவள் கையைத் தட்டிவிடாத குறையாகக் கடந்து ஓடினாள்.

அம்மா தெசாங்காவின் கல் தெரிந்தது. அதன் முன் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த மிலூன்கா என்ற கிழவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் கோதுமை. மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர.

கல்லின் காலடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் சாமந்திப்பூக்கள் வாடிக்கொண்டிருந்தன.

பிளாஸ்டிக் பூ வாடுமா? இதழ்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து, சுருங்கி, சொட்டுச் சொட்டாக வடிந்தன. நெருப்பு இல்லை. புகைகூடச் சரியாக இல்லை. மேலே காற்று மட்டும், கோடையில் தார்ச்சாலைமேல் நடுங்குவதுபோல நடுங்கியது.

மிலூன்கா சிலுவை போட்டுக்கொண்டே இருந்தாள். "தெசாங்காவுக்குக் கோவம். பாரு ஸ்ரெத்தன், பூவை வேண்டாங்கிறா! உயிரோட இருக்கும்போதே அவளுக்கு ராக்கியா வாடை ஆகாது. நீ வந்து தலையிலயே ஊத்துறே!"

அப்பா அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, கையில் கிளாஸை உயர்த்தி, "உனக்கு மண்ணு பாரமில்லாம இருக்கட்டும் தெசாங்கா" என்று சொல்லி உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"அப்பா!"

துன்யா எதையும் யோசிக்கவில்லை. ஓடி வந்த வேகத்திலேயே கிளாஸை அடித்தாள். அது கல்லில் பட்டு உடைந்தது. அப்பா திகைத்து அவளைப் பார்த்தார். அடுத்த கணம், "ஆ!" என்று கத்தினார். "கடிக்குது! கையை என்னமோ கடிக்குதுடி!"

அவர் சட்டைக் கையின் விளிம்பு தானாகவே பழுப்பாகி, கறுத்து, மேலேறிக்கொண்டிருந்தது. ஊற்றும்போது சிந்தியிருக்கிறது, மெழுகுவர்த்தி பட்டிருக்கிறது. அங்கே தீயே தெரியவில்லை. பார்க்கிற யாருக்கும் ஒரு மனிதர் வெறுமனே கையை உதறிக்கொண்டு கூத்தாடுவதாகத்தான் தெரியும். கல்லைத் துடைக்க வைத்திருந்த தண்ணீர் வாளிக்குள் துன்யா அவர் கையைப் பிடித்து முழங்கைவரை அமுக்கினாள். பிறகு கோட்டைக் கழற்றி வாளியில் நனைத்துக் கல்லறைமேல் விரித்து அழுத்தினாள். கோட்டுக்கு அடியிலிருந்து உஸ்ஸென்று ஆவி வந்தது. பாட்டில் பெஞ்சுக்குப் பக்கத்தில், மூடி போட்டபடி நின்றிருந்தது. அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, குடிச்சீங்களா? ஒரு சொட்டு? முதல்ல ஒண்ணு?"

"எங்க குடிக்க விட்டே?" அப்பா கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உள்ளங்கை சிவந்து தோல் பொங்கியிருந்தது. "இது என்னடி?"

"மெத்தனால். டீசலுக்கு வச்சது. விஷம்ப்பா. நான்தான் பேர் எழுதல."

அப்பா பாட்டிலையும் கருகிய சட்டையையும் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. அவர் முகம்தான் மெதுவாக வெளுத்தது.

"மிலூன்கா அத்தை, நீங்க?"

"நான் இன்னும் கை நீட்டல. தெசாங்கா காப்பாத்துனா" என்றாள் கிழவி. அவள் சிலுவை போடுவதை நிறுத்தவே இல்லை.

துன்யா கூடைக்குள் பார்த்தாள். துணியில் சுற்றிய மூன்று கிளாஸ்கள். அம்மாவுக்கென்று கல்லின்மேல் கவிழ்த்து வைத்தது ஒன்று. உடைந்தது ஒன்று. வீட்டில் இருந்தது அரை டஜன், அம்மாவின் சீதனம்.

"இன்னொரு கிளாஸ் எங்கேப்பா?"

அப்பா தொப்பியை இடுக்கிய கையால் தோட்டத்தின் மறுகோடியைக் காட்டினார்.

"கூமுக்கு. வந்த உடனே ஊத்திக் கொடுத்தேன். அவன் பொண்டாட்டிக்குக் கொடுக்காம குடிக்கமாட்டேன்னு கையில புடிச்சுக்கிட்டே போனான்."

மறுபடியும் ஓட்டம். இந்தத் தடவை அப்பாவும் பின்னால் ஓடி வந்தார், எரியும் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி, "கூமே! கூமே!" என்று கூவிக்கொண்டு. கல்லறைகளுக்கு நடுவில் அப்படி யாரும் கத்தமாட்டார்கள். எல்லோரும் திரும்பினார்கள்.

வெலிமிர் மனைவியின் கல்லுக்கு முன்னால் குத்துக்கல் மாதிரி நின்றிருந்தார். பெரிய உருவம், பெரிய மீசை. பக்கத்தில் அவர் மகள் லியுபிங்கா தட்டில் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் நெஞ்சு வலி வந்து பிழைத்த பிறகு அவர் குடிக்கக்கூடாது. மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். அன்றிலிருந்து லியுபிங்கா அவரைச் சிறைக்காவலாளி மாதிரிப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஊரே சொல்லும்.

கிளாஸ் கல்லின்மேல் இருந்தது. காலி.

"மாமா, அதைக் குடிச்சீங்களா?"

வெலிமிர் முதலில் மகளைப் பார்த்தார். பிறகுதான் துன்யாவை. "நானா? என்ன பேச்சு இது? நான் சத்தியம் பண்ணவன். முழுக்க உங்க அத்தைக்குத்தான் ஊத்தினேன்." நெஞ்சில் கை வைத்தார். கண்ணும் சேர்ந்து சிரித்தது.

"மாமா, அது ராக்கியா இல்ல. விஷம். உண்மையைச் சொல்லுங்க."

"அதான் சொல்றேனே. ஊத்திட்டேன்."

"எங்க ஊத்துனீங்க?"

"இதோ, இங்க." பூட்ஸ் நுனியால் மண்ணைக் காட்டினார்.

துன்யா எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தி ஒன்றைப் பிடுங்கி எடுத்துக் குனிந்தாள். அவர் காட்டிய இடத்தில் காய்ந்த இலை ஒன்றை வைத்து, சுடரைத் தாழ்த்தி மண்ணை ஒட்டினாற்போல் நகர்த்தினாள். காற்று நடுங்கவில்லை. இலை சுருளவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

'ஆவியாகியிருக்கலாம். மண் குடித்திருக்கலாம். ஒரு கிளாஸ்தானே, இந்த ஈரத்தில் எங்கே பிடிக்கும்? இந்தச் சோதனையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.' அவளுக்குள் வழக்கமான குரல் பேசிற்று. ஆனால் அதோடு இன்னொன்றும் தெரிந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, எண்ணெய்ல கொழுப்பு இல்லன்னு சொன்னீங்க. இதே மாதிரி நெஞ்சுல கை வச்சுத்தான் சொன்னீங்க. என் வண்டி கிழங்குக் காட்டுப் பக்கத்துல நிக்குது. வடிகட்டில வெள்ளையா உறைஞ்சு நிக்குது."

வெலிமிர் மகள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"கலந்தீங்களா இல்லையா?"

"கொஞ்சம்" என்றார். "ருசிக்காக."

"இதுவும் கொஞ்சமா? இது ருசி இல்ல மாமா. நாளைக்குக் காலைல கண்ணைத் திறந்தா லியுபிங்கா அக்கா முகம் தெரியாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போனா காப்பாத்தலாம். குடிக்கலன்னா சொல்லுங்க, விட்டுடறேன்."

மூடுபனிக்குள் எங்கோ பாதிரியார் ஓதுகிற குரல் கேட்டது. வெலிமிரின் கை நெஞ்சிலிருந்து தானாக இறங்கியது.

"எவ்வளவு குடிச்சா கண்ணு போகும்?" என்று கேட்டார்.

லியுபிங்காவின் கையிலிருந்து கத்தி தட்டில் விழுந்தது. "அப்பா!"

"நீ தண்ணி எடுக்கப் போனப்ப..." அவர் மகளைப் பார்க்காமல் மனைவியின் கல்லைப் பார்த்துச் சொன்னார். "அவளுக்கு ரெண்டு சொட்டுதான் ஊத்தினேன். மிச்சத்தைக் குடிச்சிட்டேன். ஒரே மடக்கு. என்னடா இது, கூம் இந்த வருஷம் தண்ணி கலந்துட்டானேன்னு நெனச்சேன்."

"படுபாவி மனுஷா!" என்று லியுபிங்கா அவர் தோளில் ஓங்கி அடித்தாள். அடித்த அதே கையால் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வெலிமிரின் காரில் போனார்கள். லியுபிங்கா சாலையைத் தவிர எதையும் பார்க்காமல் ஓட்டினாள். துன்யா முன்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, என்ன, எவ்வளவு, எப்போது என்று சொன்னாள். பின்னால் இரண்டு கிழவர்களும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வழியில் நின்றிருந்த வேனைத் தாண்டும்போது யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கூமே, என்னை மன்னிச்சிடு" என்றார் அப்பா.

"நீ என்ன செஞ்சே? உன் மூக்கு செஞ்சது" என்றார் வெலிமிர். "கண்ணு போச்சுன்னா நீ எனக்குக் கண்ணா இரு, நான் உனக்கு மூக்கா இருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒருவர்தான் சிரித்தார். அதுவும் பாதியில் நின்றது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இளைஞர், தூக்கமில்லாத கண்கள். இரத்தம் எடுத்தார்கள். இதற்கு மருந்தே நல்ல சாராயம்தான், இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவோம், அது மெத்தனாலை விஷமாக மாறவிடாமல் பிடித்து வைக்கும் என்று டாக்டர் விளக்கினார். சீக்கிரம் வந்துவிட்டதால் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் கண் விஷயம் நாளைக்குத்தான் தெரியும் என்றார். இரத்தம் கெட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சுத்தம் செய்யவேண்டிவரும்.

"ஒரு வருஷமா சொட்டு விடாம காவல் காத்தேன்" என்றாள் லியுபிங்கா. "கடைசில டாக்டரே ஏத்துறாரு."

"டாக்டர் தம்பி, ஏத்துறதுதான் ஏத்துறீங்க, பிளம்ல ஏத்துங்க" என்றார் வெலிமிர்.

மதியத்துக்குள் அப்பாவின் கைக்குக் கட்டுப் போட்டார்கள். துன்யா வெலிமிரின் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. லியுபிங்கா அவளோடு பேசவில்லை. ஒரே ஒரு தடவை ஒரு காகிதக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனாள். அதைக் குடிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. தேநீர்தான் என்று தெரிந்தும் இரண்டு தடவை மோந்து பார்த்தாள்.

மூன்று மணி இருக்கும். மூடுபனி எப்போதோ விலகியிருந்தது. ஜன்னல் வழியாகச் சாய்வெயில் நேராகக் கட்டில்மேல் விழுந்து, வெள்ளைப் போர்வை கண் கூசியது. வெளியே மொட்டை மரம் ஒன்றின் ஒவ்வொரு குச்சியும் தெளிவாகத் தெரிந்தது.

வெலிமிர் விழித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"பனி இன்னும் விலகலையா?" என்று கேட்டார்.

துன்யா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "மாமா! என்ன தெரியுது? வெள்ளையாத் தெரியுதா? என் கையைப் பாருங்க. மாமா!"

அவர் அவள் பக்கம் திரும்பினார். மீசைக்கு அடியில் சிரிப்பு வந்தது. "பயந்துட்டியா? சும்மா சொன்னேன்டி. வெயில் அடிக்குது, தெரியாதா எனக்கு?"

வெயில் அவர் முகத்தில் சுட்டுக்கொண்டிருந்தது. கண் தெரியாதவனுக்கும் அது தெரிந்திருக்கும்.

"இது எத்தனை விரல்?"

"மூணு" என்றார். மூன்றுதான். ஆனால் யாரும் முதலில் மூன்றைத்தான் காட்டுவார்கள். நெஞ்சின்மேல் அவர் கை இருந்தது. தானாக அங்கே போயிருந்ததா, ஊசி குத்தியதால் மடக்கி வைத்திருந்தாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் விளக்கை அடித்துப் பார்த்தார். இமையை விரித்துப் பார்த்தார். இன்னொரு தடவை இரத்தம் எடுக்கச் சொன்னார். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. ராத்திரி பூரா ஏத்துவோம். காலைல பாக்கலாம்" என்றார். வெலிமிர், "நான்தான் விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்றேன்ல" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். எல்லோரையும் பார்த்தாரா, குரல் வந்த பக்கங்களைப் பார்த்தாரா என்பதுதான் தெரியவில்லை. லியுபிங்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருட்டும் நேரத்தில் துன்யா அப்பாவோடு பேருந்தில் வீடு திரும்பினாள். அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். அவள் நேராகக் கொட்டகைக்குப் போய், மிச்ச மெத்தனாலை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, வேலிக்குப் பூசுகிற சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்தாள். அலமாரிக் கதவில் விஷம் என்று எழுதினாள். துடைத்துவிட்டு, தூரத்திலிருந்தும் தெரியும்படி பெரிதாக மறுபடி எழுதினாள்.

பிறகு அடுப்படியில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். நவம்பர் 5, சனி என்று தேதி போட்டாள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கடைசியில் மறுநாள் செய்யவேண்டியதை மட்டும் எழுதினாள்:

காலை ஏழரைப் பேருந்து. ஈஸ்ட் பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். வெலிமிர் மாமா இதுவரை பார்க்காத ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு போகவேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஜன்னல் பக்கம் வைத்து, அவரை அதைப் படிக்கச் சொல்லவேண்டும்.